பல்லியம்மன் பாறையில் நான் கட்டிய கயிறு

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, மலைப்பாதை ஓரத்துப் பாறையில் நான் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினேன். எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. என் மகள் பாறை இடுக்குக்குள் நுழையும்போதெல்லாம் நான் கைப்பேசியில் மணி பார்ப்பேன். அன்று அவள் நுழைந்தது ஏழு பத்துக்கு. பத்து நிமிடம் பொறுத்தேன். உள்ளிருந்து சத்தமே இல்லை. அவளுடைய காலணியின் அடிப்பாகம் மட்டும் வெளியே தெரிந்தது. கூப்பிட்டால் கோபப்படுவாள். என் கைப்பையில், கோயிலில் பூசைக்கு வைத்து வாங்கி வந்த கயிறு இருந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அத்தி வேரில் அதைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். பொட்டலத்தில் மிச்சமிருந்த குங்குமத்தைப் பாறையில் வைத்தேன். பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். அவள் முழங்கை முழுக்க மண்ணோடு வெளியே வந்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பயந்த பெண் இல்லை. எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறேன். என் கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடம் இதே மலையில் அவள் இரண்டு பாறைகளுக்கு நடுவே சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் வீடிருக்கும் கெலுகோரிலிருந்து மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாம் வரை நான் எப்படிக் காரோட்டினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அதன் பிறகு விடுப்பு எடுத்தாவது, வேலை நேரத்தை மாற்றியாவது அவளுடன் மலையேற ஆரம்பித்தேன். அவளுக்கு இருபத்து நான்கு வயது. கூட அம்மா வருவது அவளுக்கு வெட்கம். இருந்தும் தடுக்கவில்லை, தண்ணீர்ப் புட்டிகளை நான் சுமந்ததால்.

அவள் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காக ஆராய்வது ஒரு பல்லியை. சுண்டுவிரல் நீளம். பாறை நிறம். ஆணுக்குத் தொண்டையில் லேசான மஞ்சள். நம் வீட்டுப் பல்லிக்குக் கண்மணி கோடு போல இருக்கும். இதற்கு வட்டம், ஏனென்றால் இது பகலில் இரை தேடுகிறது. முதன்முதலில் அவள் படத்தைக் காட்டி இதை விளக்கியபோது, இத்தனை வருடம் பல்லியின் கண்ணை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இது இல்லாமல் இருக்கலாம் என்று அவளுடைய பேராசிரியர் நினைத்தார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், உறுதி இல்லை. அது எங்கே முட்டையிடுகிறது, எப்படிப் பெருகுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருடம் அலைந்து அவள் கண்டுபிடித்த ஒரே இடம் இந்த இடுக்கு. உள்ளே, பாறையின் அடிப்பக்கத்தில், இரண்டு இரண்டாக ஒட்டிய பதினெட்டு முட்டைகள். பச்சைப் பட்டாணியை வெள்ளையடித்து ஒட்டியது போல இருக்கும். அவை பொரிந்து குஞ்சு வெளிவருவதை ஒரு முறையாவது அவள் பார்த்துப் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்தப் பாறைகளைத் தொடக்கூடாது என்று வனத்துறையிடம் கேட்க முடியும். பாதையை அகலப்படுத்தும் பேச்சு அப்போதே இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது என் கயிற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கயிறுகள் இருந்தன.

அந்தப் பாதையில் காலையில் கூட்டம் இருக்கும். கீழே அடுக்குமாடி வீடுகளிலிருந்து நம் பெண்கள் நடக்க வருவார்கள். சீன முதியவர்கள் தண்ணீர்க் கலன்களைச் சுமந்து ஏறி, பாதி வழியில் உள்ள போண்டோக்கில், அந்த இளைப்பாறும் குடிசையில், தேநீர் போட்டு வைப்பார்கள், யாரும் குடிக்கலாம். போண்டோக்கிலிருந்து பாறை இருபது அடிதான். எல்லார் கண்ணிலும் படும் இடம். இரண்டு கயிறுகள் ஆறாயின. ஒரு சேலைத் துண்டு வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களும் ஊதுபத்திக் கட்டும் இருந்தன. சீனப் பெரியவர்களில் யாரோ, இங்கே ஒரு டத்தோ, இடத்தைக் காக்கும் தெய்வம், குடியிருக்கிறார் போல என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அப்போதே என் கயிற்றை அவிழ்த்திருக்கலாம். கையைக்கூட நீட்டினேன். கட்டிய கயிற்றை நானே அவிழ்த்து, அன்று மாலை அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மதியம், நிபோங் திபால் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார் ஒரு படத்தை அனுப்பினார். பாறை முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் வெள்ளிக் கண்கள் ஒட்டியிருந்தன. கீழே எழுத்து: மலைப் பல்லியம்மன், கேட்டதைக் கொடுப்பாள், பத்துப் பேருக்கு அனுப்பவும். ‘அண்ணி, உங்க பக்கத்துல இருக்கு, நீங்க போகலையா?’ என்று கேட்டிருந்தார். குங்குமத்தின் மேல் ஒரு பல்லி ஓடுவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அது போதுமாக இருந்தது.

முதலில் பார்த்தவர் காலைச் சந்தையில் அப்பம் சுட்டு விற்கும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த அவருடைய மருமகள், அவர் கயிறு கட்டிய மாதமே கர்ப்பமானாள். அதை நான் பொய் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் அவர் மூச்சிரைக்க மலையேறி வந்து விளக்கேற்றினார்.

மகள் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு ஓர் அறிவிப்பு வைத்தாள். இங்கே அரிய உயிரினம் முட்டையிட்டிருக்கிறது, புகையும் எண்ணெயும் வேண்டாம். மறு வாரம் அந்த அறிவிப்புக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். அரிய உயிரினம் என்று எழுதியதே அவளுக்கு எதிராகப் போய்விட்டது. அன்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், மஞ்சள் தண்ணீர் வழிந்து நான்கு முட்டைகள் மக்கிவிட்டன என்று. யார் முதலில் ஆரம்பித்தார்களோ அவர்களை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். நான் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போண்டோக்கைத் தாண்டும்போதே புகை தெரிந்தது. பாறைக்கு முன்னால் யாரும் இல்லை. கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அது உருண்டு இடுக்குக்குள் குவிந்திருந்த காய்ந்த இலைகளில் பிடித்திருந்தது. பெரிய நெருப்பு இல்லை. ஆனால் அது உள்ளே இருந்தது. நான் தண்ணீர்ப் புட்டியைத் திறப்பதற்குள் அவள் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு தலையை உள்ளே விட்டுவிட்டாள். நான் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் உதைத்தாள். என் மகள் என்னை உதைத்தது அந்த ஒரு முறைதான். வலது கையால் எரியும் இலைகளை வாரி வாரி வெளியே போட்டாள். நான் புட்டிகளைக் கவிழ்த்தேன். தேநீர்ப் பெரியவர்களில் ஒருவர் கெண்டியோடு ஓடி வந்தார்.

புகை அடங்கியதும் அவள் இடது கையில் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெளியே வந்து, “அஞ்சுதான் மிச்சம்” என்றாள். வலது உள்ளங்கை கொப்பளித்துப் பளபளவென்று இருந்தது.

கிளினிக்கில் கட்டுப் போட்டு முடித்து, மருந்து வாங்க உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன். முதல் கயிறு நான் கட்டியது. தேதி, நேரம், குங்குமம், மூன்று முடிச்சு, எல்லாவற்றையும் ஒரு குறையைப் பதிவு செய்வது போல வரிசையாகச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்களா?”

“நீ உள்ள போயிட்டு சத்தமே காட்டலம்மா. பயந்துட்டேன்.”

“எனக்காகவா கட்டினீங்க?”

ஆமாம் என்றேன். அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது. கோபத்தைத் தாங்கியிருப்பேன். தன் வேலையைத் தன் பெயராலேயே கெடுத்துவிட்டார்கள் என்பதை அவள் புரிந்துகொண்ட முகம் அது. மருந்துச் சீட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். அதற்கப்புறம் ஐந்து நாள் வீட்டில் தேவையானதை மட்டும் பேசினாள். சோறு வேண்டுமா, வேண்டாம். கதவைப் பூட்டவா, சரி.

அந்த ஐந்து நாளில் இரண்டு செய்திகள் வந்தன. பேராசிரியர் வனத்துறைக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஆனால் பதில் வர நாளாகும். அதிகாரிகள் வந்து இடித்தால் அது கோயிலை இடித்த கதையாகிவிடும், பிறகு பல்லியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அவரே கவலைப்பட்டாராம். இரண்டாவது செய்தி நாத்தனாரிடமிருந்து: பௌர்ணமியன்று பல்லியம்மனுக்குச் சிமெண்டு மேடை கட்டுகிறார்கள். இடுக்கை அடைத்து, முன்னால் படி வைத்து, மேலே தகரக் கூரை. பாம்பு வராமல் இருக்க இடுக்கை அடைக்கிறார்களாம்.

பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தது. வேலைக்கு வரமாட்டேன் என்று செய்தி அனுப்பினேன். மகள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, நான் மலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் மடக்கு நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஆறே முக்காலுக்கு இடுக்கின் வாயை அடைத்தாற்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஏழரைக்கு ஆட்கள் வந்தார்கள். தார்ச்சாலை முடியும் இடம்வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த சிமெண்டு மூட்டைகளை அங்கிருந்து தோளில் சுமந்து வந்தார்கள். மேஸ்திரி ஓர் அண்ணன், வீடு கட்டும் குத்தகை எடுப்பவர். நல்ல மனிதர், கூலி வாங்காமல் செய்ய வந்திருந்தார். அப்பக்கார அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் பூத்தட்டோடு வந்தார்கள். நான் வேண்டுதலுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அரை மணி நேரம் ஆனதும் அண்ணன், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். முடியாது என்றேன்.

அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கயிறு என்னுடையது. என் மகள் இந்த இடுக்கில் வேலை செய்கிறாள், அவளுக்கு அடிபடக்கூடாது என்று கட்டினேன். இங்கே அம்மன் வந்ததாக எனக்குக் கனவு வரவில்லை, அருள் வரவில்லை. பயம் வந்தது, கட்டினேன். என் பயத்தைத்தான் நீங்கள் இத்தனை நாள் கும்பிட்டீர்கள். இதைச் சொன்னால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று மலை ஏறும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அப்பக்கார அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எத்தனையோ பேர் இந்தப் பக்கம் நடக்கிறோம். உங்க கையால கட்ட வச்சிருக்கா பாருங்க. நீங்கதான்மா முதல்ல விளக்கு ஏத்தணும்.”

மற்றப் பெண்கள் என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண் என் காலைத் தொட வந்தாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் சிரித்தார். “சரி லா, முதல் கயிறு கட்டினவங்களே வந்துட்டாங்க. நாற்காலியோட தூக்கி மேடை மேல வச்சுடலாமா?” ஆட்களும் சிரித்தார்கள். தகரத்தில் சிமெண்டையும் மணலையும் கொட்டிக் கிளற ஆரம்பித்தார்கள்.

கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. என் தொழிலில், பழுதான பொருளைப் பழுது என்று எத்தனை முறை சொன்னாலும் மேலதிகாரி நம்பமாட்டார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்ல வேண்டும். அக்காவைக் கூப்பிட்டேன். உள்ளே இருப்பதை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். நாற்காலியைச் சற்றே சாய்த்து, என் துண்டைத் தரையில் விரித்து, படுத்துப் பார்க்கச் சொன்னேன். “இந்த உடம்ப வச்சிக்கிட்டா?” என்றார். ஆனாலும் பூத்தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். நான் விளக்கை அவர் தோளுக்கு மேலாகப் பிடித்தேன்.

கன்னத்தைத் துண்டில் வைத்து உள்ளே பார்த்தார். கரி பிடித்த பாறையும் கருகி உடைந்த ஓடுகளும் முதலில் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவற்றுக்கு அப்பால்தான் ஐந்து வெள்ளைப் புள்ளிகள்.

“இந்தக் கருப்பெல்லாம் என்னம்மா?”

“கற்பூரத்துல எரிஞ்சது.”

“முட்டையா?”

“முட்டைதான். பதினெட்டு இருந்துச்சு.”

அவர் இரண்டு பெண்கள் கைகொடுக்க எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் கரி. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தகுதி.

பிறகு அண்ணனைப் பார்த்து, கிளறுவதை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் விட்டாயிற்று, இனி நிறுத்த முடியாது என்றார் அவர்.

“அண்ணே, உங்க மருமக போன வருசம் பெத்தாளே. வீட்டுல சாமி விளக்கு ஏத்தினீங்களா?”

“அது எப்படி ஏத்துறது? தீட்டு. முப்பது நாள் கழிச்சுத்தான்.”

“அப்ப இங்க மட்டும் எப்படி ஏத்தினோம்? உள்ள பிரசவம் ஆகிக் கெடக்கு. நாம வாசல்ல கொளுத்திக்கிட்டு நின்னிருக்கோம்.”

ஒரு பெண், அம்மனுக்கே தீட்டு உண்டா என்று மெல்லக் கேட்டாள். பெற்றவள் யாராக இருந்தாலும் பெற்றவள்தான் என்றார் அக்கா. முட்டைக்குத் தீட்டு எப்போது கழியும், போட்ட நாளிலிருந்தா பொரித்த நாளிலிருந்தா என்று அண்ணன் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் பெண்கள் அதை உண்மையாகவே விவாதிக்க ஆரம்பித்தார்கள். கடைசிக் குஞ்சு பொரித்து முப்பதாம் நாள் என்று முடிவானது. அதுவரை யாரும் பாறையருகே வரக்கூடாது. விளக்கை, போண்டோக்குக்குக் கீழே உள்ள தட்டைக் கல்லில் ஏற்றிக்கொள்ளலாம்.

என் மகள் பிறந்தபோது மாமியார் வீட்டில் முப்பது நாள் சாமி அலமாரிப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தார்கள். படித்த பெண், அந்த முப்பது நாளும் அழுது சண்டை போட்டேன். இன்றும் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது சட்டத்தைவிட உறுதியானது. வனத்துறையின் பலகையைவிட உறுதியானது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. உள்ளே பிரசவம்தான் ஆகிக் கிடந்தது.

ஆனாலும் நாற்காலியைவிட்டு எழவில்லை. பேச்சு ஒரு மணி நேரத்தில் மாறும் என்று எனக்குத் தெரியும். கலக்கிய சிமெண்டு என் காலடியில் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், எரிச்சலோடு இரண்டு சிகரெட் பிடித்தார். கடைசியில் ஆட்களைக் கூப்பிட்டு, மழையில் அரித்துப்போயிருந்த மலைப்படிகளில் மூன்றைப் பூசச் சொன்னார். வீணாக்க மனமில்லை. மண்வெட்டிச் சத்தம் கீழே இறங்கிப் போனது. வெள்ளிக் கண்களைப் பெண்களே பெயர்த்தெடுத்துத் துணியில் முடிந்துகொண்டார்கள். கயிறுகளை அவிழ்க்க யாருக்கும் துணிவில்லை. நான் எழுந்து, எல்லாவற்றுக்கும் அடியில் நிறம் வெளுத்துக் கிடந்த என் கயிற்றை முதலில் அவிழ்த்தேன். நான் அவிழ்த்த பிறகு மற்றவர்கள் தங்கள் தங்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். மறுபடியும் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரை மணி வெயிலில் மகள் வந்தாள். இடது தோளில் பை, வலது கையில் கட்டு. கீழே படி பூசுகிறவர்களைத் தாண்டி வந்ததில் காலணியில் ஈரச் சிமெண்டு. வெறும் பாறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பக்கார அக்கா முந்திக்கொண்டு, உன் அம்மா விடிந்ததிலிருந்து இடத்தைவிட்டு நகரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று புகார் சொல்வது போலச் சொன்னார். தீட்டு கழியும்வரை யாரும் கிட்டே வரமாட்டோம், ஆள் மாற்றி ஆள் காவல் இருப்போம் என்றார். தீட்டா என்று கேட்க மகள் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டாள். அக்காவுக்கு நன்றி சொன்னாள்.

நான் நாற்காலியை நகர்த்தினேன். அவள் ஒற்றைக் கையை ஊன்றிப் படுத்து உள்ளே போனாள். நான் மணி பார்க்கவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் கரி பட்டிருந்தது.

“நாலும்மா. ஒண்ணு உள்ள ஒடுங்கிப் போச்சு. மத்த நாலுலயும் கரு அசையுது.”

அவள் என் காலைப் பார்த்தாள்.

“நாளைக்கு ஆறரைக்குக் கிளம்பணும். இந்தச் செருப்பு வேணாம், ஷூ போட்டுக்குங்க.”